பழைய ஹைலக்ஸுக்கு மாற்றிய ஆக்சிலும் பிரேக்கும்: இரண்டு ஆண்டு ஓட்டிப் பார்த்த பின்

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த திட ஆக்சில்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வலுவூட்டிய முன் ஆக்சில் ஷாஃப்ட்டும் அதன் இணைப்பும், காற்றுவழி உள்ள முன் டிஸ்க்கும் அதை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் அகன்ற காலிப்பரும், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பெரியது ஒன்று, பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றும் தொகுப்பு என்று நான்கையும் ஒரே விற்பனையாளரிடம் ஒரே தடவையில் வாங்கி இதில் பொருத்தினேன். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மூன்றாவது வண்டியில் இருக்கிறது, ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். நான்காவதை ஏழாம் மாதத்தில் கழற்றிவிட்டுப் பழைய டிரம்மையே திரும்ப மாட்டினேன்.

இந்த வேலை முழுவதும் டயரில்தான் தொடங்கியது. ஏறக்குறைய 29 அங்குல உயரமுள்ள டயரை எடுத்துவிட்டு 35 அங்குல டயரைப் போட்டால், டிஸ்க் முன்பு பிடித்த அதே முறுக்கு விசையோடு பிடித்தாலும், சக்கரத்தின் ஆரம் கூடிவிட்ட காரணத்தால் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை சுமார் 17 சதவீதம் குறைந்துவிடும். டயரின் எடையும் கூடுகிறது. அந்த எடை சுழன்றுகொண்டிருக்கும் எடை என்பதால் அதை நிறுத்தவும் பிரேக்தான் உழைக்க வேண்டும். பெரிய டயர் போட்ட எல்லோரும் இழுவை குறைந்துவிட்டது என்று ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடியை மாற்றுகிறார்கள், நானும் 4.10 விகிதத்தை எடுத்துவிட்டு 4.88 போட்டேன், கிட்டத்தட்ட பழைய இழுவை வந்துவிட்டது. ஆனால் பிரேக்கும் அதே அளவுக்கு இழந்திருக்கிறது என்பது ஒரு நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தென்று கீழே போகும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஆக்சில் விஷயம் வேறு. இந்த வண்டியின் முன் ஆக்சிலில், சக்கரம் திரும்பும் இடத்தில், பர்ஃபீல்டு என்று சொல்லப்படும் இணைப்பு இருக்கிறது. ஒரு கிண்ணம், அதனுள் ஒரு நட்சத்திர வடிவத் துண்டு, இரண்டுக்கும் இடையே ஒரு கூண்டில் அடைபட்ட ஆறு எஃகு உருண்டைகள். சக்கரம் நேராக இருக்கும்போது ஆறு உருண்டைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பியபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் சுமை ஓரிரு உருண்டைகளின் மேல் குவிந்து கிண்ணத்தின் விளிம்பைப் பிளக்கிறது. என்னுடையது இரண்டு பாறைகளுக்கு நடுவில், முழு இடது திருப்பத்தில் போனது. பட்டாசு வெடித்தது போல ஒரே சத்தம். பிறகு சக்கரம் சுழலும்போதெல்லாம் கடகடவென்று அரைபடும் ஒலி. இந்த இணைப்பை மூடியிருக்கும், சக்கரத்தோடு திரும்பும் கூடான நக்கிளைத் திறந்தபோது கிண்ணம் மூன்று துண்டாகக் கிடந்தது, ஒரு உருண்டை கிரீஸுக்குள் தனியாக உருண்டுகொண்டிருந்தது.

வாங்கிய தொகுப்பில் இந்தக் கிண்ணமும் நட்சத்திரமும் உள் ஷாஃப்ட்டும் 4340 குரோம்-மாலி என்ற உறுதியான கலப்பு எஃகில் வருகின்றன. உள் ஷாஃப்ட் இணைப்புக்குள் நுழையும் முனையில் பழைய வண்டியில் 27 ஸ்பிளைன்தான், அதாவது ஷாஃப்ட்டின் முனையைச் சுற்றி வெட்டிய பற்கள். இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியலின் பக்கத்து முனையில் 30. புதிய தொகுப்பில் இரு முனையிலும் 30 ஸ்பிளைன் இருப்பதால் அந்த முனையின் விட்டமும் கூடியிருக்கிறது. இதனால் பழைய உள் ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் மாற்ற முடியாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தயாரிப்பின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை: ஸ்பிளைன்கள் தட்டாமல் கையால் தள்ளியே உட்கார்ந்தன, பிடிப்பு வளையம் தெளிவாகச் சொடுக்கிப் பூட்டியது. அதே பாறைகளுக்கு நடுவில், அதே முழுத் திருப்பத்தில், பலமுறை ஏறியிருக்கிறேன். அதுவும் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் லாக்கரை முன் டிஃபரன்ஷியலில் போட்டபடி. இரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது உருண்டைகள் ஓடும் தடங்களில் மெருகேறிய பளபளப்பு தவிர வேறு எதுவும் இல்லை. என்றாலும், இணைப்பு வலுவானால் அடுத்த பலவீனம் எங்கே என்று பார்க்க வேண்டும்: ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு பூட்டும் ஹப் லாக்கும் கிரவுன் பினியனும்தான் இப்போது அந்த இடத்தில் நிற்கின்றன.

பொருத்துவது ஒரு நாள் வேலை என்று விற்பனையாளர் எழுதியிருந்தார். எனக்கு மூன்று நாள் ஆனது. ஹப்பைக் கழற்ற ஆறு ஸ்டட்களிலும் கூம்பு வாஷர்கள் இறுகியிருக்கும். நட்டை முனைவரை தளர்த்தி, பித்தளைச் சுத்தியலால் ஸ்டட்டின் தலையில் தட்டினால் அவை தெறித்து வெளியே வரும், இரும்புச் சுத்தியலால் தட்டினால் மரைதான் போகும். பிறகு 54 மில்லிமீட்டர் நட், அதற்கென்று தனி சாக்கெட் வேண்டும். நக்கிளைத் திருப்பும் மேல் கீழ் பேரிங்குகளின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து, ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரி செய்ய வேண்டும்; இதைத் தவிர்த்துவிட்டு ஸ்டியரிங் ஆடுகிறது என்று டயரைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்சில் குழாயின் முனையிலுள்ள உள் சீலைக் கட்டாயம் மாற்றிவிட வேண்டும். அது கசிந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் இறங்கி, அங்கே உள்ள கறுப்பு மாலி கிரீஸோடு கலந்து, கெட்டியாக இருக்க வேண்டியது குழம்பு போல ஆகி, வெளிப்பக்கத் துடைப்பு சீல் வழியாக வழியும். தொகுப்போடு வந்த சீல்கள் இரண்டும் சுமார் ரகம். நான் டொயோட்டாவின் அசல் சீலையே வாங்கிப் போட்டேன்.

முன் பிரேக்குக்கு வருவோம். இந்த வண்டியோடு வந்த முன் டிஸ்க் ஒரே தகடு. புதியது இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று போகும் வழிகளோடு, தடிமனாக இருக்கிறது. அதன் அகலத்துக்கு ஏற்ற இடைவெளியோடு நான்கு பிஸ்டன் காலிப்பரும் வருகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. லேண்ட் க்ரூஸர் 60 வரிசையின் டிஸ்க்கையும், பின்னாளைய ஹைலக்ஸின் அகன்ற காலிப்பரையும் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்து இந்த ஆக்சிலில் மாட்டுவதைப் பல வண்டிக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள்; இந்தத் தொகுப்பு அதையே புதிய பாகங்களோடு ஒரு பெட்டியில் போட்டுத் தருகிறது. டிஸ்க்கின் பின்னால் உள்ள தூசித் தகட்டை வெட்டவோ கழற்றவோ வேண்டியிருக்கும். ரிம்மின் உட்புறம் ஒட்டியிருந்த பேலன்சிங் எடை காலிப்பரில் உரசியதால் அதை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

பலன் முதல் நாளே தெரிந்தது என்று சொன்னால் மிகையாகும். சமதளத்தில் ஒரு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எட்டாவது வளைவிலும் பத்தாவது வளைவிலும் தெரிகிறது. முன்பு பெடல் மெத்தென்று போன அதே இறக்கத்தில், அதே சுமையோடு, இரண்டாம் கியரில் இறங்கியபோது கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் நின்ற உயரத்திலேயே நின்றது. இந்தப் பாகத்துக்கு நான் கொடுக்கும் பாராட்டு அவ்வளவுதான், அது போதும். டிஸ்க்கில் உரசும் புதிய பேடுகளை மாட்டியதும் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை, முழுவதும் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, இடையில் ஆறவிட்டு டிஸ்க்கோடு பழக்க வேண்டும். நான் பொறுமையாகச் செய்தேன்.

மாஸ்டர் சிலிண்டரைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை உலவுகிறது. பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் வலுவாகும் என்று விளம்பரத்தில் இருந்தது. உண்மை அதற்கு நேர்மாறானது. 7/8 அங்குலத் துளையிலிருந்து 1 அங்குலத் துளைக்குப் போனால் பிஸ்டனின் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. அதே தூரம் மிதித்தால் அந்த அளவுக்கு அதிக ஆயில் நகரும், ஆனால் அதே பலத்தோடு மிதித்தால் அழுத்தம் ஏறக்குறைய 23 சதவீதம் குறையும். பெரிய காலிப்பருக்கு அதிக ஆயில் தேவை என்பதால்தான் இதை மாற்றுகிறோம், அழுத்தத்துக்காக அல்ல. மாற்றியபின் பெடல் உயரமாகவும் கல் போலவும் இருக்கும், கால் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். இன்னொன்று: பெடலின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரிலிருந்து வரும் தண்டின் நீளத்தைப் புதிய சிலிண்டரின் ஆழத்துக்கு ஏற்பச் சரி செய்ய வேண்டும். என்னுடையதில் தண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீண்டிருந்தது. அதற்கே ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை அடைபட்டு, இருபது கிலோமீட்டரில் முன் சக்கரங்கள் தொட முடியாத சூட்டில் இருந்தன. விற்பனையாளர் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பின் டிஸ்க் தொகுப்பின் நன்மையை மறைக்க விரும்பவில்லை. ஓடையைக் கடந்து வந்த டிரம் முதல் சில மிதிகளுக்கு ஒன்றும் செய்யாது, உள்ளே போன வண்டல் வெளியேறவும் வழியில்லை. டிஸ்க்கோ ஒரு சுற்றில் தன்னைத்தானே துடைத்துக்கொள்கிறது. ஆனால் பிக்கப்பின் பின்பக்கம் சுமையில்லாதபோது மிகவும் இலேசு, பிரேக் பிடித்தால் இருக்கும் எடையும் முன்னால் சாய்ந்துவிடும். அதனால்தான் டொயோட்டா பின் ஆக்சிலின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்திருக்கிறது. தொகுப்பின் குறிப்பு அதை நீக்கிவிடச் சொன்னது, நானும் யோசிக்காமல் நீக்கினேன். ஈரமான சரளை இறக்கத்தில், காலியான வண்டியில், பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் பக்கவாட்டில் போய்ப் பாதையின் ஓரத்தில் நின்றது. கையால் திருகிச் சரி செய்யும் அழுத்த வால்வு ஒன்றை வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராதது ஹேண்ட் பிரேக். காலிப்பரோடு இருந்த நெம்புகோலும் கேபிளும் சரிவில் வண்டியைப் பிடிக்கவில்லை. எத்தனை தடவை இறுக்கினாலும் ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும், நானும் போகும் இடமெல்லாம் சக்கரத்துக்குக் கல் தேடிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு வலது பக்கப் பிடிமானத் தகடு நேராக இல்லை. பேடைக் கழற்றி அளந்தால் ஒரு முனை 9 மில்லிமீட்டர், மறுமுனை 6. ஆப்பு போலத் தேய்ந்திருந்தது. படம் எடுத்து அனுப்பியதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல், வேறொரு தகடு வந்தது. அதற்குள் நான் டிரம்மை மாட்டிவிட்டேன். பழைய அழுத்த வால்வையும் திரும்ப வைத்து, வண்டி உயர்ந்திருக்கும் அளவுக்கு அதன் தண்டு ஆக்சிலில் சேரும் தாங்கியையும் உயர்த்தினேன். இல்லாவிட்டால் வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கை அடக்கியே வைக்கும். ஓடையிலிருந்து ஏறியதும் சிறிது தூரம் பெடலை மெல்ல மிதித்தபடி ஓட்டினால் லைனிங் காய்ந்துவிடுகிறது.

பிரேக் ஹோஸ்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: உயர்த்திய வண்டிக்கு நீளமானவை வேண்டும், ஆக்சில் முழுவதும் தொங்கும் நிலையில் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்க வேண்டும். பிரேக் ஆயிலில் நான் டாட் 4 என்ற தரத்தைப் பயன்படுத்துகிறேன். புதிதாக இருக்கும்போது அதன் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், டாட் 3க்கு 205. ஈரம் ஏறினால் இரண்டுமே வெகுவாக இறங்கிவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி ஏர் எடுத்துவிடுகிறேன்.

இன்று வாங்கச் சொன்னால் முன் டிஸ்க்கையும் காலிப்பரையும் முதலில் வாங்குவேன், ஆக்சில் தொகுப்பை அடுத்து. மாஸ்டர் சிலிண்டரைப் பெடல் ஆழமாகப் போகிறது என்றால் மட்டும். பின் டிஸ்க், சாலைக்கே வராமல் சேற்றிலேயே உழலும் வண்டிகளுக்குப் பொருந்தலாம். சென்ற வாரம் இரண்டு நக்கிள்களின் மேலுள்ள அடைப்பானையும் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கிரீஸ் போட்டபடியே கெட்டியாக இருக்கிறது. வலது பக்கம் சற்று இளகி, விரலில் ஒட்டாமல் வழுக்குகிறது. உள் சீல் வாங்கி வைத்திருக்கிறேன், மழைக்கு முன் திறக்க வேண்டும்.