எட்டு மாசமா பாவிக்கிற டிஷ் பத்தி, திருகோணமலையில இருந்து

டிஷ் போட்டு எட்டு மாசமாச்சு. கொம்பனி பேர் சொல்லேல்ல, போட யோசிக்கிற ஆக்களுக்கு உதவட்டும் எண்டு எழுதுறன். படம் நல்ல கிளியர், குறை சொல்லேலாது. ஆனா உவர்மலைப் பக்கம் வானம் இருட்டினாலே சிக்னல் போயிடும், மார்கழி முழுக்க கறுப்பு ஸ்கிரீன்தான். ஹொட்லைனுக்கு எடுத்தா தமிழுக்கு 2 ஐ அமத்தச் சொல்லும், அமத்தினா சிங்களத்திலதான் கதைப்பாங்கள், அது எங்களுக்குப் பழகினதுதானே. தமிழ் நியூஸ் சனல் வேணுமெண்டா பெரிய பெக்கேஜுக்கு மாறோணும், அதை முதலே சொல்லமாட்டாங்கள்.

நான் போட்டதே நியூஸுக்கு. தேர்தல் நேரம் டவுனில ஒரு கூட்டம், நானும் போய் நிண்டன், முன்னுக்கு ஒரு நூறு நூத்தம்பது சனம், பின்பக்கம் கதிரையெல்லாம் சும்மா கிடந்தது. இரவு வந்து டிவியப் போட்டா ஒரு சனல்ல மேடைக்கு கிட்ட நிண்டு எடுத்த படம், மாலை மேல மாலை விழுது, கீழ 'மக்கள் வெள்ளம்' எண்டு எழுத்து ஓடுது. மற்றதில வெறுங்கதிரை மட்டும், அதில ஒரு ஐயா நல்ல நித்திரை. ரெண்டும் பொய் இல்ல, அதுதான் பிரச்சினையே. கமராவ எந்தப் பக்கம் திருப்புறது எண்டு முதலாளிக்கு ஆரோட சிநேகம் எண்டதைப் பொறுத்தது. அரச சனல் இன்னும் மோசம், ஆட்சி மாறின அண்டைக்கே வாசிக்கிற தொனியும் மாறும். 2018 ஒக்டோபர் 26 பிரதமரை மாத்தின கையோட ரூபவாஹினிக்குள்ள ஆக்கள் புகுந்து ஒளிபரப்பே நிண்டது ஞாபகம் இருக்கும்.

இதுக்கு சட்டம் இல்லையோ எண்டா இருக்கு, 2007ம் ஆண்டு 56ம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், அதாவது சிவில் அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், இனமத வெறுப்பைத் தூண்டினா பிடிக்கலாம். 2019ல குருநாகல் முஸ்லிம் டொக்டர் ஒருத்தர் சிங்களப் பொம்பிளையளுக்கு களவா கருத்தடை செய்தார் எண்டு ஒரு கதைய சனல்கள்ல நாள்கணக்கா ஓட்டினாங்களே, அதே வருஷம் இந்தச் சட்டத்தில உள்ளுக்கு போனது ஆர் தெரியுமோ? பிக்குமாரை வச்சு ஒரு சிறுகதை எழுதின சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, 4 மாசம்.

அப்பா டிவி நியூஸை நம்பவே மாட்டார், அவருக்கு 2006 போதும். ஜனவரி 2 எங்கட கடற்கரையில அஞ்சு பொடியங்கள் செத்ததுக்கு, அவங்கட குண்டே வெடிச்சது எண்டு படைத்தரப்பு சொல்லிச்சு. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த போட்டோ சுடரொளிப் பேப்பரில வந்தாப்பிறகுதான் சூட்டுக் காயம் எண்டு வெளிய வந்தது. அதே மாசம் 24ம் திகதி பஸ்ஸுக்கு நிண்ட அவரையும் சுட்டுட்டாங்கள்.

சரி, டிஷ்ஷுக்கு வாறன். ஒரு சனலை மட்டும் நம்பிப் பாக்கிற ஆள் எண்டா இந்தக் காசு வீண். மூண்டு நாலை மாத்தி மாத்திப் பாத்து, ஒவ்வொருத்தரும் என்னத்தை விடுறாங்கள் எண்டு பிடிக்கிற பொறுமை இருந்தா போடுங்கோ. என்ன, என்ர ரிமோட்டில சனல் மாத்துற பட்டன் இப்பவே தேஞ்சு போச்சு, கேட்டா பட்டனுக்கு வொரண்டி இல்லையாம்.