மீட்டர் வைத்துக் காட்டாமல் டைனமோவைக் கழற்ற விடாதீர்கள்

காரின் டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) போய்விட்டது என்று சொல்லி என்னிடம் ரூ. 8,500 வாங்கினார்கள். என் வண்டியின் டைனமோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கான அத்தாட்சி என் டாஷ்போர்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது தெரியாமல் பணத்தைக் கொடுத்தேன். இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது 2014 ஸ்விஃப்ட், பெட்ரோல். வேலைக்கு பைக்கில் போய்விடுவேன், கார் வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள்தான் வெளியே வரும். ஒரு திங்கட்கிழமை காலை, கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போக எடுத்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. ஆட்டோவில் போய் வந்தோம்.

பேட்டரிக் கடையில் "மூன்றரை வருஷம் ஆயிடுச்சு சார்" என்று புது 35 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி மாட்டினார்கள். பழையதைக் கழித்துக்கொண்டு ரூ. 4,300. இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த வயதில் பேட்டரி போவது சகஜம். மாட்டி முடித்ததும் கடைப் பையன் வண்டியை ஓடவிட்டு மீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர்) வைத்து, வாரண்டி கார்டில் எதையோ எழுதிக் கொடுத்தான். வாங்கி டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, நாலு நாள் நிறுத்தி வைத்திருந்த வண்டி மறுபடி எடுக்கவில்லை. இந்த முறை ஒரு ஒர்க்‌ஷாப். ஜம்பர் வயர் போட்டு ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். வண்டி குலுங்கி நின்றது. "பாத்தீங்களா சார், டைனமோ சார்ஜே ஏத்தல" என்றார். கண்ணெதிரே நடந்ததால் நம்பினேன்.

தயவுசெய்து இந்தச் சோதனையை யாரையும் செய்ய விடாதீர்கள். ஓடும் வண்டியில் பேட்டரியைப் பிரித்தால் டைனமோவின் வோல்டேஜ் திடீரென்று எகிறும். இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), டைனமோவின் டயோடு (ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பாகம்) எல்லாம் போக வாய்ப்புண்டு. நல்ல டைனமோ இருந்தாலும் வண்டி நின்றுபோகலாம். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

மாலையில் "புதுசு" மாட்டித் தந்தார்கள். பில்லில் "டைனமோ 1" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. பழையதைக் கேட்டதற்கு, "அது ஸ்கிராப் சார், எதுக்கு?" என்றார் முதலாளி. பத்தே நாளில் வண்டி மறுபடி படுத்துவிட்டது.

கடைசியில் நண்பர் சொல்லி, வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டுக்கே வந்தார். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, வண்டியைப் பூட்டி, நெகட்டிவ் வயருக்கு நடுவில் மீட்டரை வைத்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் வேண்டுமாம். (மீட்டர் அப்படி இருக்கும்போது சாவி போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.) பூட்டிய வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 0.38 காட்டியது. ஒரு நாளைக்கு 9 ஏஹெச். 35 ஏஹெச் பேட்டரி நாலு நாளில் காலி. என் வண்டி சரியாக நாலாம் நாள்தான் படுத்துக்கொண்டிருந்தது!

ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினார். ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.02-க்கு இறங்கியது. ஆறு மாதம் முன்னால் போட்ட ஆண்ட்ராய்டு செட். சாவியோடு அணைய வேண்டிய சிவப்பு வயரையும், எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரையும் ஆக்ஸசரிஸ் கடைக்காரர் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். சாவியை எடுத்த பிறகும் செட் ஓடும், நானாக பட்டனை அமுக்கி அணைப்பேன். திரைதான் அணைந்திருக்கிறது, செட் ராத்திரி பகலாக விழித்திருக்கிறது. வயரைப் பிரித்துப் போட அவர் வாங்கியது ரூ. 300.

அப்புறம் டைனமோவைப் பார்த்தார். மேலே புது சில்வர் பெயிண்ட், உள்ளே பழைய காயில். ஐடிலில் 13.9 வோல்ட், ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டதும் 12.7-க்கு விழுந்தது. நல்லதாக இருந்தால் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்டுக்கு (குளிர்சாதன ஏசி இல்லை, மாறுமின்னோட்டம்) திருப்பினால் 0.8. உள்ளே டயோடு போயிருக்கிறது என்றார். அதை மாற்ற இன்னும் ரூ. 1,400.

"பேட்டரி மாத்தினப்போ சார்ஜிங் பாத்தாங்களா தம்பி?" என்று கேட்டார். அப்போதுதான் வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். பேனாவில் எழுதியிருந்தது: சார்ஜிங் 14.2. அதாவது 14.2 வோல்ட். ஒர்க்‌ஷாப்பில் டைனமோ போய்விட்டது என்று சொன்னதற்கு மூன்று வாரம் முன்னால், என் பழைய டைனமோ காட்டிய கணக்கு அது. ஒர்க்‌ஷாப்பிலும் டெர்மினலைக் கழற்றாமல் மீட்டரை வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

கார்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பேசி ரூ. 2,000 திருப்பித் தந்தார். பணம் போகட்டும், என் பழைய டைனமோவைக் கொடுங்கள் என்றேன். அது வேறொரு வண்டியில் மாட்டியாகிவிட்டது என்றார்.