ஈரத்தின் வழியைத் தேடும் ஆய்வு: மரக்கட்டை வீடுகளுக்கான ஆண்டுப் பராமரிப்புச் சேவை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஆஷ்வில் நகரைச் சுற்றியுள்ள ப்ளூ ரிட்ஜ் மலைச் சரிவில் மரக்கட்டை வீடு வைத்திருப்பவர்களுக்காக ஆண்டுதோறும் ஆய்வு செய்து தரும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் சேவையை எங்கள் வீட்டிற்குப் பயன்படுத்தி வருகிறோம். முழு மரத்தண்டுகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வீடு இது. கூரையின் பாரத்தைத் தாங்குவதும் வெயிலையும் மழையையும் நேரடியாக எதிர்கொள்வதும் அதே கட்டைகள்தான் என்பதால், ஒரு கட்டை உள்ளே இற்றுப்போனால் அதை மாற்றுவதற்கு மேலே உள்ள சுவரையே முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நிலை வருமுன் கண்டறிந்து சொல்வதே இச்சேவையின் பயன், அதில் பெரும்பகுதியை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

ஆய்வாளர் முதலில் சுவரைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்க்கிறார். இறவாணம், அதாவது கூரையின் விளிம்பு, சுவருக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது, மழைநீர் வடியும் பீலிகளில் இலைச்சருகு அடைத்திருக்கிறதா, கூரையிலிருந்து விழும் நீர் தரையில் பட்டுத் தெறித்து எந்தக் கட்டைவரை எட்டுகிறது என்பதைப் பார்த்து முடித்த பின்னரே கருவியைக் கையில் எடுக்கிறார். மழை மிகுந்த இந்த மலைப்பகுதியில் அடிக்கட்டைகளும், இறவாணத்தைத் தாண்டி மூலைகளில் நீண்டிருக்கும் கட்டை முனைகளுமே முதலில் கெடுகின்றன; வெட்டுமுகத்தின் வழியாக மரம் நீரை உறிஞ்சும் வேகம், பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு அதிகம். விறகை வெளிச்சுவரை ஒட்டி அடுக்கி வைக்கக் கூடாது என்றும், சுவரை உரசும் புதர்களைக் காற்றோட்டம் கிடைக்கும் அளவுக்கு விலக்கி வெட்ட வேண்டும் என்றும் அவர் சொன்னவை செலவில்லாத ஆலோசனைகள், ஆனால் மிகுந்த பலன் தருபவை.

இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானியைக் கட்டையில் குத்தி அளவெடுப்பது அடுத்த கட்டம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்திருக்கும்வரை மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சைகள் அதில் வளர முடியாது. அதைத் தாண்டி நீடித்திருந்தால் நீர் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சேவையில் நான் பெரிதும் மதிப்பது, ஒவ்வொரு சுவரின் வரைபடத்திலும் அளவெடுத்த புள்ளிகளைக் குறித்து, மறு ஆண்டு அதே புள்ளிகளில் மீண்டும் அளவெடுத்து இரண்டையும் அருகருகே தருவதைத்தான். ஒரே ஒரு அளவு அன்றைய வானிலையை மட்டுமே காட்டக்கூடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் அளவுதான் கசிவைக் காட்டிக்கொடுக்கிறது. ஐயமுள்ள இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, மந்தமான ஓசை வந்தால் கூரிய ஊசியால் குத்தி உள்ளே எவ்வளவு மென்மையாகியிருக்கிறது என்றும் பார்க்கிறார்கள்.

மரம் காயும்போது வெடிப்பு விழுவது இயல்பு என்பதையும், எல்லா வெடிப்புகளையும் அடைக்கத் தேவையில்லை என்பதையும் அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. வாய் மேல்நோக்கித் திறந்து, ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றவை மழைநீரை ஏந்திக்கொண்டு உள்மரத்திற்குக் கடத்துவதால், அவற்றுக்குள் நுரைக்கயிற்றை அழுத்தி மேலே நெகிழ்வான சீலன்ட் (அடைப்புப் பசை) பூசச் சொல்கிறார்கள். கீழ்நோக்கியவை தாமாக வடிந்துவிடும். மேற்பூச்சைச் சோதிக்கும் முறையும் எளிது: தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறதா, அல்லது மரம் அதைக் குடித்துக் கறுக்கிறதா என்று பார்க்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பு இழைகளைச் சிதைப்பதால் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் முன்னதாகவே மறுபூச்சைக் கேட்கின்றன. நான்கு சுவருக்கும் ஒரே நேரத்தில் பூச வேண்டும் என்று இவர்கள் வற்புறுத்தாதது எனக்கு நிறைவளித்தது.

பூச்சிகளைப் பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் போதுமானது. தச்சுத் தேனீ துளைக்கும் விரற்கடை அகல வட்டத் துளைகளும், அதன் புழுவைத் தேடி மரங்கொத்தி கொத்திய வடுக்களும், அடித்தளத்தில் கறையானின் மண்குழாய்களும் படங்களுடன் இடம்பெற்றிருந்தன. மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் காக்கும் போரேட் மருந்து பற்றி அவர்கள் எழுதியிருப்பதை இத்தகைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்: அது நீரில் கரையும் உப்பு என்பதால், பழைய பூச்சை முழுவதும் நீக்கிய வெறும் மரத்தில்தான் இறங்கும், இறங்கிய பிறகு நீர் விலக்கும் பூச்சு மேலே இல்லாவிட்டால் மழையில் கரைந்து போய்விடும். பழைய ஸ்டெயின் பூச்சின் மீதே போரேட் தெளித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுப்பது வீண்.

வீட்டுக்குள், தூண்களின் அடியிலோ தலையிலோ இருக்கும் திருகு ஜாக்கிகளை, அதாவது திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கிகளைச் சோதித்தார்கள். மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆகவே படுத்த கட்டைகளால் ஆன சுவர் இறங்க, நின்ற தூண் இறங்காமல் நிற்க, இடையில் கூரை கோணிவிடுகிறது. கட்டி முடித்த முதல் சில ஆண்டுகளில் அந்தத் திருகைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வர வேண்டும், கதவு சன்னல்களுக்கு மேலே விட்டிருக்கும் இடைவெளியும் அடைபடாமல் இருக்க வேண்டும்.

குறைகள் இரண்டு. தரைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட ஊர்ந்து செல்லும் பகுதியை அடிப்படைக் கட்டணத்தில் சேர்க்கவில்லை; ஈரம் தேங்குவதற்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை என்பதால் இது சிறிய குறையன்று. உயரமான முக்கோணச் சுவரின் உச்சியைத் தொலைநோக்கியால் மட்டுமே பார்த்தார்கள். தவிர, ஆய்வு செய்பவர்களே பழுதுபார்க்கும் பணியையும் எடுத்துக்கொள்வதால், பெரிய செலவுக்கு முன் தொடர்பில்லாத மற்றொருவரின் கருத்தைக் கேட்பது முறை. எங்கள் அறிக்கையில் உடனே செய்ய வேண்டியவையும் காத்திருக்கக்கூடியவையும் நேர்மையாகவே பிரிக்கப்பட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தகைய வீட்டை வாங்க எண்ணுபவர்களுக்கு, பொதுவான வீட்டு ஆய்வோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தச் சேவையையும் பெறுமாறு தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தச்சுத் தேனீக்கள் துளையிடத் தொடங்கும் இளவேனிலுக்கு முன்பாகவே நாள் கேட்டுவிடுவது நல்லது. தளத்துக்கு அடியில் உள்ள ஊர்ந்து செல்லும் பகுதியும் ஆய்வில் அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.