டைனோ சோதனை: மூன்றாம் கியரா, நான்காம் கியரா?

டைனோ என்பது காரின் சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு அதன் சக்தியை அளக்கும் கருவி. அதில் சோதனை ஓட்டத்தை எந்தக் கியரில் செய்வது? 1990-களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம். இதில் நான்காம் கியரின் விகிதம் 1:1; அதாவது இன்ஜின் ஒருமுறை சுற்றினால் கியர்பெட்டியின் வெளித்தண்டும் ஒருமுறை சுற்றும். இன்ஜினின் விசை கியர்பெட்டிக்குள் இருக்கும் துணைத்தண்டின் பற்சக்கரங்களைச் சுற்றிப் போகாமல் நேரே பின்னால் செல்வதால் உராய்வு இழப்பு குறைவு. என் தேர்வு இதுதான்.

ஆனால் இந்தக் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுழற்சியை எட்டும்போது சக்கரம் மணிக்குச் சுமார் 175 கி.மீ. வேகத்தைத் தொடும். பழைய, வெடிப்புவிட்ட டயரோடு அதைச் செய்யவே கூடாது! காற்றழுத்தத்தையும் காரைப் பிணைக்கும் பட்டைகளையும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

மூன்றாம் கியரில் வேகம் 130-ஐ ஒட்டி நின்றுவிடும். ஓட்டமும் சீக்கிரம் முடியும். ஆயினும் சுழற்சி விரைந்து ஏறுவதால் பிளைவீலை, அதாவது இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தை, வேகப்படுத்தவே கூடுதல் சக்தி செலவாகிறது. கனத்த உருளையை முடுக்கி அளக்கும் டைனோவில் எண் சற்றுக் குறைந்து வரும். சக்கரத்தில் முறுக்குவிசை மிகுவதால் டயர் வழுக்கவும் வாய்ப்புண்டு.

கிளட்ச் தேய்ந்திருந்தால் நீண்ட நான்காம் கியர் ஓட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும்: இன்ஜின் சுழற்சி ஏறும், உருளை அதற்கேற்ப ஏறாது.

முன்சக்கரக் கார்களில் பெரும்பாலும் இந்த நேரடி வழியே இல்லை. அங்கே 1:1-ஐத் தேடி அலைய வேண்டாம்.