பொத்தானா, புத்தகக் கடையா?

மின்னூல் படிக்கும் கருவி வாங்க, அமேசானின் கிண்டில் பேப்பர்வொயிட்டா, கோபோ நிறுவனத்தின் லிப்ரா கலரா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: உட்கார்ந்து படிப்பீர்களா, படுத்துக்கொண்டா?

புதிய பேப்பர்வொயிட், லிப்ரா இரண்டுமே 2024-இல் வந்தவை. 7 அங்குலத் திரை, கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 புள்ளி, தண்ணீர் பட்டாலும் பயமில்லை. எடை கிண்டிலில் 211 கிராம், கோபோவில் 199.5. பெட்டியில் அச்சடித்த எண்களை வைத்து முடிவெடுக்க முடியாது.

கையில் எடுத்தால் தெரிந்துவிடும். லிப்ராவின் ஒரு பக்க விளிம்பு அகலமானது, அதில் பக்கம் திருப்ப இரண்டு பொத்தான்கள். ஒருக்களித்துப் படுத்து, கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடியே ஒரு அத்தியாயத்தை முடித்துவிடலாம். கை வலித்தால் கருவியைத் தலைகீழாக்கி மறு கைக்கு மாற்றிக்கொள்ளலாம், எழுத்தும் கூடவே திரும்பிக்கொள்ளும். பேப்பர்வொயிட்டில் பக்கம் திருப்பப் பொத்தான் கிடையாது, பெரும்பாலும் திரையைத்தான் தொட வேண்டும். கொசு விரட்டப் போன விரல் பட்டால் பக்கம் ஓடிவிடும். பொத்தான் வைத்த கிண்டில் ஒயாசிஸும் இப்போது வருவதில்லை.

லிப்ராவின் வண்ணத்துக்கு நான் மயங்கமாட்டேன். வண்ணத்தில் 150 புள்ளிதான். வண்ணப் படலம் குறுக்கே இருப்பதால் வெள்ளைத் தாளும் லேசாகச் சாம்பல் பூசியது போலிருக்கும். நாவல் படிப்பவருக்கு அட்டைப்படம் பார்க்க மட்டும் உதவும்.

சரி, தமிழ்ப் புத்தகம்? இங்கே கிண்டிலின் கை ஓங்குகிறது. 2016 முதலே அதன் கடையில் தமிழ் நூல்கள் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஆசை வந்தாலும் வாங்கி உடனே படிக்கலாம். ஆனால் 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. காசு கொடுத்த புத்தகத்தைத் தன் வசம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இது உறுத்தும்.

இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவர் கோபோவுக்குப் போகலாம். கேபிளைச் செருகி நகலெடுத்தால் அப்படியே திறக்கும். கிண்டிலுக்கு அதே கோப்பை அமேசான் வழியாக அனுப்பியோ, வேறு வடிவத்துக்கு மாற்றியோதான் ஏற்ற வேண்டும். ஏ4 அளவில் ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப்களா? இரண்டிலும் கண் நோகும், டேப்லெட்டே மேல்.

கோபோ என்று முடிவு செய்தால், தெரிந்தவர் யாரிடமாவது அந்தக் கருவியை இரவல் வாங்கி, ஒரு தமிழ் இபப்பைப் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துருவை ‘fonts’ என்ற ஃபோல்டரில் நீங்களே போடலாம். ‘கொக்கு’ என்ற சொல்லைத் தேடுங்கள். முதல் எழுத்தின் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றால் துணிந்து வாங்கலாம்.