அமிர்தசரஸ் பழைய நகரில் அம்மாவோடு மூன்று நாள்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் வந்த விடுமுறையில் சில நாட்களை அம்மாவுக்கென்றே ஒதுக்கினேன். பொற்கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வயதானவர்களை அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்ட சிரமத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பதிவு செய்த விடுதி "கோயிலுக்கு இரண்டு நிமிட நடை, லிஃப்ட் உண்டு" என்றது. பழைய நகரம் முழுக்க கட்ரா எனப்படும் பழைய கடைப்பேட்டைகள், சந்துக்குள் சந்து. டாக்ஸி முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் பழுது, அறை மூன்றாம் மாடி. வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றால் முன்பணம் திரும்பாது என்றார்கள். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறியதை நினைத்தால் இப்போதும் மனசு அறுக்கிறது. கார் வாசல்வரை வருமா, லிஃப்ட் இன்றைக்கு ஓடுகிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கோயிலைச் சுற்றி, அதை நிர்வகிக்கும் சீக்கியர்களின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு நடத்தும் சராய்கள், அதாவது யாத்ரீகர் விடுதிகள், பல இருக்கின்றன. மறுநாள் காலை வரிசையில் நின்று ஒன்றில் அறை வாங்கிவிட்டோம். வாடகையும் குறைவு. முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும்.

டவுன் ஹாலிலிருந்து கோயில்வரை செந்நிறக் கல் முகப்புகளோடு புதுப்பித்த பாரம்பரியத் தெரு. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு இலவசப் பேருந்தும் இருக்கிறது.

கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தை ஜோடா கர் என்கிறார்கள். அங்கே வெள்ளைத் தாடியோடு, நல்ல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போலத் தோன்றிய ஒரு பெரியவர் அம்மாவின் செருப்பை இரண்டு கையாலும் வாங்கினார். "ஐயோ, பெரியவர் என் செருப்பைத் தொடுறாரேடி" என்று அம்மா பதறி ஓரடி பின்வாங்கினார். அவர் எண் போட்ட வில்லையைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தொட்ட கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பத்து ரூபாயை நீட்டிய என்னைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தார். கூலிக்கு வந்தவர் இல்லை, சேவைக்கு வந்தவர்.

தலையை மூட வேண்டும் என்றதும் அம்மா தயங்கினார். நம் பக்கம் முக்காடு என்றாலே துக்கத்தோடுதானே சேர்த்துப் பார்க்கிறோம். சுற்றிலும் அத்தனை பெண்களும் தலையை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, மெல்ல முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சக்கர நாற்காலி இலவசம். ஓர் இளைஞர் தானாக வந்து "மாதாஜி" என்று கூப்பிட்டு, படியில்லாத வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார். சீக்கிய குரு ராம்தாஸ் காலத்தில், 1577 வாக்கில், வெட்டிய குளம் அது; ஊருக்கே பெயர் அந்தக் குளத்தால்தான். நடுவில் நான்கு திசைக்கும் வாசல் வைத்த கோயில் குரு அர்ஜன் கட்டியது. 1604-இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தார்கள். குளத்தைச் சுற்றிய பளிங்குப் பாதையில் வெயில் சுடாமலிருக்க விரிப்பு போட்டிருந்தார்கள். வழியில் வட்டமான எவர்சில்வர் கிண்ணங்களில் தண்ணீர் தருகிறார்கள்.

"சிறப்பு தரிசனச் சீட்டு எங்கேடி வாங்கணும்?" என்றார் அம்மா. அப்படி ஒரு சீட்டே இல்லை என்றதை அவர் நம்பவில்லை. நம் ஊர்க் கோயில்களை மனதார நேசிக்கிறவள் நான். ஆனால் காசுக்குத் தகுந்த வரிசை என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, அது இல்லாத கோயிலும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வருத்தமாக இருந்தது.

இரவில் கிரந்தத்தைப் பல்லக்கில் ஏற்றி, அதே வளாகத்தில் இருக்கும் அகால் தக்து என்ற கட்டடத்துக்குக் கொண்டுபோய்ப் பள்ளிகொள்ள வைக்கிறார்கள். தோள் கொடுக்க ஆண்கள் முண்டியடிக்கிறார்கள். "நம்ம பள்ளியறை பூஜையேதான்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் லங்கர். இரவு பகலாக நடக்கும் பந்தி. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் தரையில், வரிசையாக. கீழே உட்கார முடியாத அம்மாவை ஓரமாக ஒரு மேடையில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். ரொட்டியை இங்கே பர்ஷாதா என்கிறார்கள். அதை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்க வேண்டும். ஒரு கையை நீட்டிய எனக்குப் பக்கத்திலிருந்த பாட்டி என் இடது கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். கெட்டியான கறுப்பு உளுந்து தால், ஒரு காய், பாயசம் போல கீர். நம் நாக்குக்குக் காரம் போதாது, ஆனால் சூடும் ருசியும் குறையவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்று பார்த்தார். ஒருவர் எழுந்து எங்கிருந்தோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட, அம்மா உட்கார்ந்துவிட்டார். பஞ்சாபி அவருக்குத் தெரியாது, தமிழ் அவர்களுக்குத் தெரியாது. அம்மா பூண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தோலை ஊதித் தள்ளுவதைப் பக்கத்திலிருந்தவர் பார்த்து, அவரும் அதேபோலச் செய்து சிரித்தார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கிளம்பலாம் என்று தோளைத் தொட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேளுடி."