சாளையில் நின்ற முஸ்டாங், சாலையில் ஓடிய முஸ்டாங்

ஃபோர்டு முஸ்டாங் ஜி.டி. இந்தியாவுக்கு முறையாக வந்தது 2016-இல். ஐந்து லிட்டர் வி8 என்ஜின், ஏறத்தாழ 400 குதிரைத் திறன், ஆட்டோமேட்டிக் கியர் மட்டும். அன்றைய டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்ததோடு இங்கே அதன் விற்பனை முடிந்தது. அடுத்த ஆண்டு, இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஆகவே இன்று இந்தத் தலைமுறை முஸ்டாங் வேண்டுமென்றால் பழையதுதான்.

கொங்குப் பக்கத்தில் விற்பனைக்கு வருபவற்றில் இரண்டு சாதி உண்டு. பனியன் ஏற்றுமதி செழித்த ஏதோ ஒரு வருடத்தில் ஆசைப்பட்டு வாங்கி, தோட்டத்துச் சாளையில், அதாவது கொட்டகையில், உறை போட்டு நிறுத்தியது ஒன்று. வாராவாரம் வெளியே எடுத்து ஓட்டியது மற்றொன்று. எனக்கு வாய்த்தவை திருப்பூர் பக்கம் ஒரு வண்டி, ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதது. கொச்சியில் ஒரு வண்டி, முப்பத்தையாயிரத்தைத் தாண்டியது. இரண்டும் 2017 மாடல். நான் வாங்கியது கொச்சி வண்டியை, அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வேகம், சத்தம், தோற்றம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே கார். திருப்பூர் வண்டியின் உள்பக்கம் புத்தம்புதிது. கொச்சி வண்டியில் ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தோல் தேய்ந்து பளபளத்தது. மீட்டரைப் பார்த்தே விலை பேசும் நம் ஊர் புரோக்கர்கள் முதல் வண்டிக்குப் பல லட்சம் அதிகம் சொன்னார்கள்.

இந்த அதிக விலை நியாயமா என்பதுதான் முழுக் கேள்வியும். நின்ற காரின் கேடு மீட்டரில் ஏறாது. முதலில் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. திருப்பூர் வண்டியில் காரோடு வந்த டயர்களே இருந்தன. பட்டன், அதாவது டயரின் மேல்வெட்டு, அப்படியே இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். பட்டன் இருக்கலாம், ரப்பர் இறுகிப்போய்விட்டதே! அத்தனை சக்தியும் பின்சக்கரத்துக்குப் போகிற வண்டியில் முதல் மழைக்கே அது வழுக்கும். 19 அங்குலச் சக்கரம், முன்னால் 255 அகலம், பின்னால் 275. முன்பின் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. நான்கையும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் எலி. தேங்காய், தீவனம், பருத்திக்கொட்டை என்று ஏதாவது அடுக்கியிருக்கும் சாளையில் என்ஜின் அறையைப் போலப் பத்திரமான கூடு எலிக்குக் கிடைக்காது. திருப்பூர் வண்டியில் பேட்டரிப் பக்கம் இரண்டு இடத்தில் வயருக்குப் புது டேப் சுற்றியிருந்தது. வெளியே தெரிந்தது இரண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் எத்தனையோ? இந்தக் காருக்கு வயரிங் கட்டு முழுதாக மாற்ற வேண்டுமானால் கடல் கடந்து வரவழைக்க வேண்டும். இது போதாதென்று, டேங்கில் மாதக்கணக்கில் நின்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பிரேக் டிஸ்க்கில் துரு படியும். சூடாகாமலும் எண்ணெய் ஓடாமலும் கிடக்கிற சீல்கள் காய்ந்து, ஓட்டத் தொடங்கிய பிறகுதான் கசியும்.

அதே வண்டியின் கதவில் ஓரிடத்தில் மட்டும் அளவுக் கருவி பெயின்ட் தடிமனைக் கூடுதலாகக் காட்டியது, மறுபடி பெயின்ட் அடித்த அடையாளம். கேட்டதற்கு, மயில் கொத்தியது என்றார் உரிமையாளர். வேறு ஊரில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நம் தோட்டங்களில் பளபளக்கும் காரில் தன் உருவத்தைக் கண்டு மயில் சண்டைக்குப் போவது நடக்கிற காரியம், நம்பினேன். ஆனால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கலாமா என்றதும், “ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கிற வண்டியை எதற்குத் தம்பி தூக்கிப் பார்க்கிறீர்கள்?” என்றார். தாழ்ந்த கார், நம் ஊர் வேகத்தடைகள், வேறு எதற்கு?

கொச்சி வண்டிக்குச் சந்தேகங்கள் வேறு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நின்றதா என்பது முதலாவது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து நீர்க்கறை தேடினோம், இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் டிக்கி விரிப்புக்கு அடியையும் பார்த்தோம். சுத்தம். கடல் காற்றின் துரு அடிப்பக்க போல்ட் தலைகளில் லேசாக இருந்தது, அவ்வளவே. முன் பம்பரின் அடியில் உரசல் தாராளமாக இருந்தது. உரசாத முஸ்டாங்கை நான் பார்த்ததில்லை.

என்னைச் சாய்த்தது அதன் பில் கட்டு. இந்த என்ஜினுக்கு ஆயில் ஏறத்தாழ ஏழரை லிட்டர், 5டபிள்யூ-20 வகை. பில்லில் நான்கைந்து லிட்டர் என்று இருந்தால் யாரோ சாதாரணக் காராக நினைத்துக் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொச்சி பில்கள் ஒவ்வொன்றிலும் அளவு சரியாக இருந்தது. டயர் மாற்றிய பில், பிரேக் பேட் பில் எல்லாம் தேதி வரிசையில், கிலோமீட்டர் கணக்கோடு. இன்சூரன்ஸ் நகலில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். ஐந்து ஆண்டு கிளைம் இல்லாவிட்டால்தான் அது கிடைக்கும். போனஸைக் காக்கும் கூடுதல் கவரும் உண்டு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போடும்போது, கோளாறுக் குறியீடுகளை அழித்தபின் வண்டி ஓடிய தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். அது பத்து, பதினைந்து கிலோமீட்டர் என்றால் முந்தின நாள்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். கொச்சி வண்டியில் ஆயிரக்கணக்கில் காட்டியது. திருப்பூர் வண்டியில் மிகக் குறைவு. பேட்டரி செத்து மாற்றியதாலும் அப்படி ஆகும், ஆகவே அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். என்னால் எதையும் உறுதி செய்ய முடியவில்லை என்பதே அங்கே சிக்கல்.

மெக்கானிக் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. பந்தயக் காரில் கை பழகியவர்கள் கோவையில் கிடைப்பார்கள். விடியற்காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அழைத்துப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம்.

திருப்பூர் வண்டிக்கு ஒரு வசதி உண்டு: டி.என். 39 எண், பெயர் மாற்றம் எளிது. கேரள வண்டிக்கு அங்கே ஆட்சேபனை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது எண் எடுக்க வேண்டும். அந்த வரியையும் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். திரும்ப விற்கும்போது குறைந்த கிலோமீட்டர் வண்டிதான் சீக்கிரம் போகும் என்கிறார்கள். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. சக்தியைக் கூட்ட சூப்பர்சார்ஜர் ஏற்றிய முஸ்டாங்குகளிலும் எனக்கு அனுபவம் இல்லை, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று தெரியாது.

டயர், பேட்டரி, எல்லா ஆயில்கள், வயரிங் சோதனை ஆகிய செலவைக் கழித்துக்கொண்டு, லிஃப்டிலும் ஏற்றவிட்டால் சாளை வண்டியை வாங்கலாம். எதை வாங்கினாலும் ஆர்.சி.யில் வங்கிக் கடன் நீங்கியதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.